மேட்சுக்குத் துண்டு போடுவது எப்படி? எம்எம்ஏ ஃபைட்டர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். 77 கிலோ பிரிவு. அதற்காக அவர் யாரையும் மைக்கில் வம்புக்கு இழுக்க வேண்டியிருக்கவில்லை. பளுதூக்குதலில் எத்தனை கிலோ தூக்கினாய் என்பதுதான் பேச்சு. வேலூரில் அந்தச் சூழலைப் பார்த்து வளர்ந்த பையன்கள் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) பக்கம் வரும்போதும் அதே கணக்கோடுதான் வருகிறார்கள். ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். கூப்பிட மாட்டார்கள்.

பௌர்ணமி அன்று வேலூர் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ் உள்ளே நுழையும்போது என்ன நடக்கும்? பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு, பை, செருப்புகூட விழும். முதலில் வந்தவன், வயதானவன், நல்லவன் என்ற வரிசையெல்லாம் அங்கே இல்லை. துண்டு போட்டவனுக்கு இடம். ஆனால் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவனுக்கு இடம் இல்லை. கூண்டுச் சண்டையில் தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொள்வது இந்த வேலைதான்.

நான் காட்பாடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மாலையில் ஒரு சின்ன ஜிம்மில் பையன்களுக்குப் பேட் பிடிப்பேன். சில வருடங்களாக அவர்களுக்கு மேட்ச் பேசி முடிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது. தப்பு நிறைய செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேட்ச் எப்படி அமைகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு ஷோ நடத்துபவருக்குப் பத்துப் பன்னிரண்டு மேட்ச் தேவை. ஒவ்வொன்றுக்கும் மேட்ச்மேக்கர் (யாரோடு யார் மோதுவது என்று ஜோடி சேர்ப்பவர்) பார்ப்பது ஏறக்குறைய ஒரே விஷயங்களைத்தான். இருவரும் ஒரே எடையா? ரெக்கார்டு, அதாவது வெற்றி தோல்விக் கணக்கு, ஓரளவு சமமா? அந்தத் தேதியில் இருவரும் காயமில்லாமல் இருப்பார்களா? பயணச் செலவு கட்டுப்படியாகுமா? இரு தரப்பும் ஒத்துக்கொள்ளுமா? இவ்வளவும் கூடி வந்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி: இதைப் பார்க்க யார் வருவார்கள்?

உலகின் பெரிய எம்எம்ஏ நிறுவனமான யூஎஃப்சியில் இந்த வேலையைப் பல வருடங்களாக ஷான் ஷெல்பி, மிக் மேனார்டு என்ற இருவர் எடைப்பிரிவுகளைப் பங்கு போட்டுக்கொண்டு செய்கிறார்கள். அங்கே தரவரிசைப் பட்டியலும் உண்டு. ஆனால் ஐந்தாமவன் நான்காமவனோடுதான் மோத வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தாது. நம் ஊர் அளவில் அந்தப் பட்டியலும் கிடையாது. ஒருவரின் போன், ஒரு வாட்ஸ்ஆப் குரூப், அவ்வளவுதான்.

திறமை மட்டும் போதும் என்று வாதாடுபவர்களிடம் நான் டெமட்ரியஸ் ஜான்சன் கதையைச் சொல்வேன். 125 பவுண்ட் பிரிவில் பெல்ட்டை, அதாவது சாம்பியன் பட்டத்தை, 11 முறை தொடர்ந்து காப்பாற்றியவர். யூஎஃப்சியில் அது சாதனை. பேச்சில் ஆர்வமில்லாத மனிதர். நுணுக்கம் தெரிந்தவர்கள் கொண்டாடினார்கள், கூட்டம் கண்டுகொள்ளவில்லை. 2018-இல் பெல்ட் போன கொஞ்ச நாளில் அவரை ஒன் சாம்பியன்ஷிப் என்ற போட்டி நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு அங்கிருந்த பென் ஆஸ்க்ரன் என்ற வீரரை வாங்கிக்கொண்டார்கள். சந்தையில் மாடு மாற்றுவதைப் போல.

இந்தப் பக்கம் சேல் சொன்னன் என்ற அமெரிக்க ஃபைட்டர். 2010 ஆகஸ்டில் சாம்பியன் ஆண்டர்சன் சில்வாவோடு மோதுவதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே வாய் ஓயாமல் பேசினார். நாலரை ரவுண்ட் சில்வாவைக் கீழே போட்டு அடித்தார், ஐந்தாம் ரவுண்டில் சப்மிஷனில் (பிடியில் சிக்கிச் சரணடைந்து) தோற்றார். 2012 ஜூலையில் மறுபடியும் மோதி, இரண்டாம் ரவுண்டில் தோற்றார். அடுத்த மேட்ச் என்ன தெரியுமா? 2013 ஏப்ரலில், எடைப்பிரிவையே மாற்றிக்கொண்டு, ஜான் ஜோன்ஸுடன் பெல்ட் சண்டை. தோற்றுவிட்டு வந்தவருக்கு!

வாய்தான் காரணம் என்பது பாதி உண்மை. நடுவில் ஒன்று நடந்தது. 2012 செப்டம்பர் 1-ஆம் தேதி ஜோன்ஸுடன் மோதவிருந்த டான் ஹெண்டர்சனுக்குக் காயம். எட்டு நாள் அவகாசத்தில் “நான் வருகிறேன்” என்று சேல் சொன்னன் முன்வந்தார். ஜோன்ஸ் மறுத்தார், அந்த ஷோவே ரத்தானது. அந்த எட்டு நாள் சம்மதம்தான் பிற்பாடு நடந்த சண்டைக்கு விதை. வெறும் வாயாக இருந்திருந்தால் எவனும் மதித்திருக்க மாட்டான்.

பெயரைச் சரிசெய்யுங்கள்

இது யூடியூபில் எந்த அமெரிக்கக் கோச்சும் சொல்லித்தராத படி. தமிழ்ப் பையன்களுக்கு மட்டுமே உள்ள தலைவலி.

நமக்கு இனிஷியல் உண்டு. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், மார்க்‌ஷீட்டில் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். ஒரு ஷோவில் ஒரு எழுத்துக்கூட்டலில் பதிவு செய்வார்கள், அடுத்த ஷோவில் வேறு மாதிரி. எங்கள் பையன் ஒருவனுக்கு ரெக்கார்டு தளத்தில் இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்றில் மூன்று வெற்றி. இன்னொன்றில் ஒரே ஒரு தோல்வி. அவனைத் தேடிப் பார்த்த வெளியூர் மேட்ச்மேக்கர் கண்ணில் பட்டது இரண்டாவது பக்கம். ஒரு மேட்ச் ஆடி அதிலும் தோற்றவன் என்று நினைத்து விட்டுவிட்டார். எங்களுக்கு இது தெரியவே எட்டு மாதம் ஆனது.

ஆகவே, பாஸ்போர்ட்டில் என்ன எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் முதல் வேலையாக எடுங்கள், சண்டைக்கு அப்புறம் எடுக்கலாம் என்று தள்ளாதீர்கள். டேப்பாலஜி, ஷெர்டாக் என்ற ரெக்கார்டு தளங்கள் இரண்டிலும் உங்கள் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அமெச்சூர் மேட்ச் அமெச்சூராகவும், புரோ மேட்ச் புரோவாகவும் பதிவாகியிருக்க வேண்டும். தவறு இருந்தால் ஷோ போஸ்டர், முடிவு அறிவித்த வீடியோ, தேதி ஆகியவற்றை இணைத்துத் திருத்தம் கேளுங்கள். பொறுமையாகத் திருத்துவார்கள்.

ரெக்கார்டைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஜிம்முக்குள் நடந்த ஸ்பாரிங்கை (பயிற்சிச் சண்டையை) மேட்ச் கணக்கில் சேர்த்து 9-0, அதாவது ஒன்பது வெற்றி, தோல்வியே இல்லை என்று பயோவில் போடுகிற பையன்கள் இருக்கிறார்கள். இந்த உலகம் சின்னது. ஒரு போன் காலில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

பட்டப்பெயரும் பேனரும்

வடஆர்க்காட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தை பிறந்தால் நம் பக்கம் எருது விடும் விழா. குறைந்த நொடியில் தூரத்தைக் கடக்கும் மாட்டுக்குப் பரிசு. மாட்டுக்குப் பெயர் இருக்கும், பேனர் இருக்கும், ரசிகர் கூட்டம் இருக்கும், ஓடிய வீடியோவுக்குத் தனிப் பாட்டு இருக்கும். பெயர் பெற்ற மாடு வருகிறது என்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். விழாக்காரர்களே மாட்டுக்காரரைத் தேடி வந்து அழைப்பார்கள். மாடு ஒரு வார்த்தை பேசியிருக்காது!

பெயர் எப்படி வந்தது என்று பாருங்கள். ஓடிய விதத்தைப் பார்த்து ஊர் வைத்த பெயர்தான் நிலைக்கிறது. ஃபைட்டருக்கும் அப்படித்தான். நீங்களே உட்கார்ந்து சிங்கம், புலி, டெர்மினேட்டர் என்று தேர்ந்தெடுத்தால் ஒட்டாது. உங்கள் கோச் கோபத்தில் கூப்பிடுகிற பெயர், தெருவில் பையன்கள் வைத்த பெயர், அதில் ஏதாவது ஒன்று சொன்னதும் ஞாபகம் நிற்கிற மாதிரி இருக்கும். பூஜா தோமரை சைக்ளோன் என்கிறார்கள். மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் என்ற இந்திய ஷோவில் பெல்ட் வாங்கி, 2023-இல் யூஎஃப்சியில் ஒப்பந்தமான முதல் இந்தியப் பெண். 2024 ஜூன் 8-ஆம் தேதி லூயிவில்லில் முதல் மேட்சையே வென்றார். அவர் சண்டையைப் பார்த்தால் பெயர் பொருந்துகிறது. தரை விரிப்பில் ஆமை மாதிரி இறுக்கிப் பிடித்து ஜெயிக்கிறவன் மின்னல் என்று பெயர் வைத்துக்கொண்டால் பார்ப்பவன் சிரிப்பான். உடும்பு என்று வைத்துக்கொள்ளட்டும், நான் டிக்கெட் வாங்குகிறேன்.

வீடியோ

இரண்டு வகை வேண்டும். ரசிகருக்கு ஒன்று, மேட்ச்மேக்கருக்கு ஒன்று. ரசிகருக்கு முப்பது நொடி, செங்குத்தாக, முதல் மூன்று நொடியிலேயே அடியோ எறிதலோ வந்துவிட வேண்டும். மேட்ச்மேக்கருக்கு வெட்டாத முழு மேட்ச். அவர் ஸ்லோமோஷனையும் பின்னணி இசையையும் பார்ப்பதில்லை. மூன்றாவது ரவுண்டில் உங்களுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறார். தோற்ற மேட்சாக இருந்தாலும் நன்றாக ஆடியிருந்தால் அனுப்புங்கள்.

ஷோ நடத்தியவர்களின் வீடியோவை எடுத்துப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் போட்டால் காப்பிரைட் அடித்து உங்கள் பக்கமே போய்விடலாம்.

தமிழில் பேசுங்கள். பேச வராத ஆங்கிலத்தில் திக்கித் திணறிப் பேசுவதைவிட, வேலூர்த் தமிழில் சரளமாகப் பேசிக் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடவிட்டால் அழகாக இருக்கும். ஊர் அடையாளம் தெரியட்டும். கோட்டை அகழி ஓரம் ஓடுவது, பாலாற்று மணலில் ஸ்பிரின்ட் அடிப்பது, ஏப்ரல் வெயிலில் தகரக் கூரை ஜிம்மில் வியர்த்துக் கொட்டுவது. வேலூர் வெயிலை இதுவரை யாரும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

ஆள் திரட்டுங்கள்

சின்ன ஷோக்களில் உங்களுக்கு மேட்ச் வாங்கித்தருவது ரீல்ஸ் பார்வைகள் அல்ல. எத்தனை பேர் உங்களுக்காக டிக்கெட் எடுத்து வருவார்கள் என்பதுதான். லட்சம் பார்வைகளில் பாதி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஐம்பது பேர் காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏறி பெங்களூருவோ சென்னையோ வந்து இறங்கினால் அது ஷோ நடத்துபவர் கண்ணுக்குத் தெரியும். நாம் அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ரயில் பாதையில் இருக்கிறோம். இந்த வசதி தேனிக்காரனுக்கு இல்லை.

கல்லூரி நண்பர்கள், தெருப் பையன்கள், அண்ணன் வேலை செய்யும் தோல் கம்பெனி ஆட்கள் என்று ஒரு வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பியுங்கள். தினமும் குட்மார்னிங் போட்டு அதைக் கொன்றுவிடாதீர்கள். மேட்ச் அறிவிப்பு, எடை பார்க்கும் நாள், முடிவு. மூன்றே தகவல். எங்கள் பையன் ஒருவன் வீட்டில் அம்மா மேட்சுக்கு வர மறுத்தார். மகன் அடி வாங்குவதைப் பார்க்க எந்த அம்மா வருவாள்? ஆனால் அத்தை வந்தார். அவர் ஒருத்தி போட்ட சத்தத்தில் அரங்கமே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஷோவுக்கு அந்த மேட்ச்மேக்கர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அந்த அக்கா வருவாங்களா?

டிக்கெட் விற்றுத் தருவதற்குக் கமிஷன் பேசியிருந்தால் எழுத்தில் வாங்குங்கள். ஒரு ஷோவில் வாய்ப்பேச்சாக நம்பி நாற்பது டிக்கெட் விற்றுக் கொடுத்தோம். கமிஷன் இன்றுவரை வரவில்லை.

சவால்: யாரை, எப்போது, எப்படி

இனி முக்கியமான படிக்கு வருவோம்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். திரையைப் பிடித்துக்கொண்டு இருவர் நிற்பார்கள், பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் வரும், கட்டியங்காரன் யாரய்யா நீங்கள் என்று கேட்பான். துரியோதனன் தான் யார், எந்த நாடு, எவ்வளவு பெரியவன் என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் முகத்தைக் காட்டுவான். பாஞ்சாலி அவிழ்த்த கூந்தலை முடியமாட்டேன் என்று சபதம் போட்ட இரவிலிருந்து ஊர் படுகளத்துக்காகக் காத்திருக்கிறது. முடிவு எல்லோருக்கும் தெரியும். இருந்தும் விடியற்காலை மண்ணில் படுத்திருக்கும் துரியோதனனைப் பார்க்க அத்தனை கூட்டம். ஏன்? இந்தச் சண்டை ஏன் நடக்க வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்லியாகிவிட்டது. சவாலின் வேலை அதுதான். சபதம் வேறு, வசை வேறு. எதிராளியைத் திட்டினால் உங்களுக்கு அவனைப் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

முகமது அலி இதை மல்யுத்தக்காரரான கார்ஜியஸ் ஜார்ஜைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். ஜார்ஜ் தோற்பதைப் பார்க்கவாவது கூட்டம் வருகிறதே என்பதுதான் அலி பிடித்துக்கொண்ட பாடம். அதே அலி 1980-இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்டார், எம்ஜிஆர் முன்னிலையில். வடசென்னையில் இன்றும் அந்தக் கதை ஓடுகிறது.

யூஎஃப்சி ஃபைட்டர் நேட் டயஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் 12-இல் கானர் மெக்ரிகர் 13 நொடியில் ஜோசே ஆல்டோவைச் சாய்த்து பெல்ட் வாங்குகிறார். உலகமே அவர் பெயரைச் சொல்கிறது. சரியாக ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 19, டயஸ் தன் மேட்சை வென்று மைக்கைப் பிடித்து மெக்ரிகரை வம்புக்கு இழுக்கிறார். டயஸ் அப்போது சாம்பியன் இல்லை, ஒரு வருடம் ஆடாமல் இருந்து திரும்பியவர், எடைப்பிரிவே வேறு. உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் துண்டு விழுந்துவிட்டது. 2016 மார்ச் 5-ஆம் தேதி மெக்ரிகரோடு மோதவிருந்த ரஃபேல் டோஸ் அன்ஜோஸுக்குக் கால் முறிய, 11 நாள் அவகாசத்தில் யாரைக் கூப்பிடுவது? எல்லோர் ஞாபகத்திலும் இருந்த பெயர் டயஸ். எடை குறைக்க நேரமில்லை என்பதால் 170 பவுண்டில் மோதினார்கள். டயஸ் இரண்டாம் ரவுண்டில் கழுத்தைப் பிடித்து ஜெயித்தார். ஆகஸ்டில் மறுமோதல், அதில் மெக்ரிகர் வென்றார்.

டயஸ் 2019 ஆகஸ்டில் இன்னொரு படி மேலே போனார். ஆன்டனி பெட்டிஸை வென்றுவிட்டு ஹோர்ஹே மாஸ்விடாலின் பெயரைச் சொன்னார். மாஸ்விடால் அதற்கு ஒரு மாதம் முன்பு ஆஸ்க்ரனை 5 நொடியில் நாக்அவுட் செய்தவர். டயஸ் அவரைத் திட்டவில்லை, நல்ல வீரன் என்று பாராட்டிவிட்டுத்தான் அழைத்தார். இருவரில் யார் ரவுடி என்று பார்ப்போம் என்கிற தோரணை. யூஎஃப்சி அதற்கென்றே ஒரு புது பெல்ட் செய்தது! நவம்பர் 2-ஆம் தேதி நியூயார்க்கில் மேட்ச். மூன்று ரவுண்டுக்குப் பிறகு டயஸின் வெட்டுக்காயத்தைப் பார்த்து டாக்டர் நிறுத்த, மாஸ்விடால் வென்றார். இல்லாத பெல்ட்டை ஒரு மைக் பேச்சு உண்டாக்கியிருக்கிறது. பெரிய காசு பார்க்கும் இடத்தில்தான் இப்படி நடக்கும் என்றாலும், எதிராளியை உயர்த்தி அழைத்தால் இருவருக்கும் மதிப்பு கூடும் என்ற கணக்கு காட்பாடியிலும் செல்லும்.

இதை நம் அளவுக்கு இறக்குவோம். ஜெயித்தவுடன் மைக் உங்கள் கையில் அரை நிமிடம் இருக்கும். எங்கள் பையனின் முதல் மைக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அம்மா, அப்பா, குலதெய்வம், கோச், ஜிம் ஓனர், இங்கே வரமுடியாத நண்பன் தினேஷோ ரமேஷோ, எல்லோருக்கும் நன்றி சொன்னான். மைக்கை வாங்கிவிட்டார்கள். அடுத்து யாரோடு ஆட விரும்புகிறான் என்று யாருக்கும் தெரியாது. நன்றியை மறுநாள் போடலாம், அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்.

அரை நிமிடத்தில் வர வேண்டியவை: ஒரே ஒரு பெயர், எடை, எந்த ஷோ அல்லது எந்த மாதம், ஏன். உதாரணமாக: “வணக்கம். 61 கிலோவில் மூணு மேட்ச் ஜெயிச்சிருக்கேன். சென்னையில இந்த எடையில நல்லவர்னா இன்னாரைச் சொல்றாங்க. அவரும் மூணு ஜெயிச்சிருக்காரு. வேலூரா சென்னையான்னு பார்த்துடலாம். மார்ச் ஷோவுக்கு நான் ரெடி, அண்ணன் ரெடியா?” மேட்ச்மேக்கருக்கு இனி வேலையே இல்லை, போஸ்டர் வரைகிறவரைக் கூப்பிட்டால் போதும். அண்ணன் என்று சொன்னதைக் கவனியுங்கள். வயதில் மூத்தவரை மரியாதையோடு சவாலுக்கு அழைத்தால் அவர் மறுப்பது கஷ்டம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? உங்களைவிட ஒன்றிரண்டு படி மேலே இருப்பவரை. ஐந்து படி மேலே இருப்பவர் பதில் சொல்ல மாட்டார், கீழே இருப்பவரை அழைத்தால் கோழை என்பார்கள். அவருக்கு வேறு மேட்ச் முடிவாகியிருக்கக் கூடாது. காயத்தில் இருக்கக் கூடாது. அவரும் சம்மதிக்க ஒரு லாபம் இருக்க வேண்டும், அவர் போன மேட்ச் தோற்றிருக்கலாம், அல்லது அவர் ஊரில் ஷோ வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக எடை. நாங்கள் ஒருமுறை ஆவேசமாகச் சவால் விட்ட ஆள் அதற்கு முந்தைய மாதம்தான் 57 கிலோவுக்கு இறங்கியிருந்தார். எங்கள் பையன் 66. குழந்தையை அடிக்கக் கூப்பிடுகிறாயா என்று ஒரு வாரம் கேலி.

மைக்கில் பேசுவதற்கு முன்பே அவருடைய கோச்சுக்கு ஒரு போன் போட்டுவிடுவது நம் பக்கத்து வழக்கம். “அண்ணா, பையன் ஜெயிச்சா உங்க பையன் பேரைச் சொல்லலாம்னு இருக்கான், தப்பா எடுத்துக்காதீங்க.” இதனால் சவாலின் சூடு குறையும் என்று சில பேர் நினைக்கிறார்கள். கூட்டத்துக்கு அந்தப் போன் தெரியப்போவதில்லை. கோச்சுக்குத் தெரியும், மேட்ச் அமைவது அவர் கையில்தான்.

எல்லைக்கோடு

சாதி, மதம், வீட்டுப் பெண்கள், நோய், இறந்தவர்கள். இவற்றைத் தொடாதீர்கள். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வரும். அதற்கும் முன்னால் இரண்டு தெருக்காரர்களுக்குள் கலவரம் வரும். சாதி சின்னம் போட்ட ஷார்ட்ஸ், பெயருக்குப் பின்னால் சாதி, பின்னணியில் சாதிப் பாட்டு எதுவும் வேண்டாம். ரசிகர் குரூப்பில் எவனாவது ஆரம்பித்தால் அன்றே நீக்குங்கள்.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்ரிகரே உதாரணம். 2018 ஏப்ரலில் புரூக்ளினில், தன் போட்டியாளர் கபீப் நூர்மகமெதோவ் இருந்த பஸ் மீது தள்ளுவண்டியைத் தூக்கி எறிந்தார். கண்ணாடி உடைந்து மற்ற வீரர்களுக்குக் காயம், சம்பந்தமே இல்லாத மேட்சுகள் ரத்து, போலீஸ், கோர்ட். அக்டோபர் 6-ஆம் தேதி இருவரும் மோதினார்கள், 24 லட்சம் பேர் பணம் கட்டிப் பார்த்ததாகக் கணக்கு. வியாபாரம் பிரமாதம் என்பார்கள். ஆனால் நாட்டையும் மதத்தையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசிய பேச்சு, மேட்ச் முடிந்த பிறகும் முடியவில்லை. கபீப் கூண்டைத் தாண்டிக் குதித்தார், பெரிய கைகலப்பு. சண்டை நடந்த நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் கபீபுக்கு 5 லட்சம் டாலரும் மெக்ரிகருக்கு 50 ஆயிரம் டாலரும் அபராதம் போட்டது. இருவருக்கும் தடையும் விழுந்தது. அபராதம் கட்ட அவர்களிடம் காசு இருந்தது.

கபீபைப் பற்றி இன்னொன்று. 29-0 என்று ஆடி முடித்தவர், பேச்சு குறைவு, தொப்பி மட்டும் பெரிது. அந்த உரோமத் தொப்பியே அவருடைய போஸ்டர். வாய் வராத பையன்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நடிக்க வராதவனை வில்லனாக நடிக்கச் சொன்னால் கூட்டம் கண்டுபிடித்துவிடும்.

துண்டு போட்ட இடத்தில் இருங்கள்

மைக்கேல் பிஸ்பிங் 2016 ஜூனில் லூக் ராக்ஹோல்டை நாக்அவுட் செய்து பெல்ட் வாங்கினார். அவருக்குக் கிடைத்த அவகாசம் 17 நாள். அழைப்பு வந்தபோது அவர் தயாரிப்பில்கூட இல்லை, வேறு வேலையில் இருந்தார். ஆனால் சரி என்று சொல்லும் நிலையில் இருந்தார்.

உங்கள் பிரிவின் எடையிலிருந்து சாதாரண நாளில் ஏழெட்டு சதவீதத்துக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம், தெரியும். கடைசி நேரத்தில் தண்ணீரை நிறுத்தி நான்கைந்து கிலோ இறக்குவது ஆபத்தானது. கோச்சும் டாக்டரும் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள், அவகாசம் குறைவு என்றால் மேல் பிரிவில் ஆடுகிறேன் என்று பேசுங்கள். டயஸ் அப்படித்தானே ஆடினார். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் புதிதாக வைத்திருங்கள். ஷோவுக்கு ஷோ எத்தனை மாதத்துக்குள் எடுத்தது வேண்டும் என்பது மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். கண் பரிசோதனைச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், நல்ல வெளிச்சத்தில் எடுத்த போஸ்டர் படம் எல்லாம் போனில் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

நான் மேட்ச்மேக்கர்களுக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: “வணக்கம் சார். வேலூர்ப் பையன், 61 கிலோ, புரோ 3-1. மார்ச் முழுக்க ஃப்ரீ. நாலு வாரம் டைம்னா 61, பத்து நாள்னா 66. மெடிக்கல் எல்லாம் கையில இருக்கு. இங்கேருந்து ஐம்பது பேர் டிக்கெட் எடுத்து வருவாங்க. கடைசி ரெண்டு மேட்ச் முழு வீடியோ கீழே.” அவ்வளவுதான். மாதம் ஒருமுறை, ஷோ அறிவிப்பு வந்தால் அன்றே ஒருமுறை. தினமும் அனுப்பினால் ப்ளாக் செய்துவிடுவார்கள்.

கிடைத்த பிறகு

கையெழுத்துப் போடும் முன் எடை, ரவுண்ட் எண்ணிக்கை, ஆடினால் எவ்வளவு, ஜெயித்தால் மேலே எவ்வளவு, எதிராளி எடை தவறினால் அவர் பணத்தில் உங்களுக்கு எத்தனை சதவீதம், பயணம், தங்குமிடம், காயம்பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று பாருங்கள். அடுத்த இரண்டு வருடம் வேறு எங்கும் ஆடக் கூடாது என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தெரிந்த வக்கீல் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் காட்டுங்கள்.

தோற்றுவிட்டால்? பேசிய பேச்சுக்கெல்லாம் கேலி வரும். மெக்ரிகர் டயஸிடம் தோற்ற இரவே எல்லோர் முன்னும் உட்கார்ந்து தோல்வியை ஒத்துக்கொண்டார், மறுமோதல் கேட்டார், ஐந்தே மாதத்தில் வாங்கினார். நடுவரைக் குறை சொல்லி, பழைய காயத்தைக் காரணம் காட்டி வீடியோ போட்டவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு அடுத்த அழைப்பு தாமதமாகத்தான் வருகிறது. அன்றிரவே எதிராளியோடு ஒரு படம் எடுங்கள். கமெண்டுகளைப் பத்து நாள் பார்க்காதீர்கள். பதினோராவது நாள் மறுபடி ஜிம்மில் பேட் அடிக்கிற வீடியோ போடுங்கள். அப்புறம் ரெக்கார்டு தளத்தில் அந்தத் தோல்வி உங்கள் சரியான பக்கத்தில், சரியான எழுத்துக்கூட்டலில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.